ரோடு வராததால் பிழைத்த கடற்கரை

பேத்தியைப் பார்க்க இத்தாலிக்குப் போய், சிசிலித் தீவில் பாலெர்மோ நகரத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கேயும் அதே சமையல், அதே பாத்திரம்தான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "அத்தை, இன்னிக்கு அடுப்படியை நான் பாத்துக்கறேன், நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றார். மகள், பேத்தியோடு நான் போன இடம் ஜிங்காரோ.

ஸ்கொபெல்லோ என்ற சிற்றூர் வரை கார் போகும். பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு நடைதான். எனக்கோ முட்டிவலி. "முடிஞ்ச வரைக்கும் போவோம்மா" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நுழைந்ததும் ஒரு சின்னச் சுரங்கம். மலைக்காட்டுக்குள் இது எதற்கு என்று கேட்டேன். 1970களில் இந்தக் கரையோரமாக சான் விட்டோ லோ காப்போ வரை ரோடு போட ஆரம்பித்தார்களாம். ரோடு வந்தால் பின்னாலேயே ஓட்டலும் பங்களாவும் வரும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். 1980 மே 18ஆம் தேதி சுமார் 3,000 பேர் இந்த வழியாக நடந்தே போய்ப் போராடினார்கள். வேலை நின்றது. 1981இல் சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாக இதை அறிவித்தார்கள். பாதி ரோட்டின் மிச்சம்தான் அந்தச் சுரங்கம். ரோடு இருந்திருந்தால் என் முட்டிக்குச் சௌகரியம்தான். ஆனால் பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்திருக்கும், சொல்லுங்கள்?

சுமார் 7 கிலோமீட்டர் கரை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே ஒற்றையடிப் பாதை. வழியெல்லாம் இடுப்பு உயரத்துக்குக் குட்டைப் பனை! ஓலை நம்ம பனையைப் போலவே விசிறியாக விரிகிறது. அந்தக் காலத்தில் அங்கத்தியப் பெண்களும் இந்த ஓலையில் விளக்குமாறு, கூடை, கயிறு எல்லாம் செய்திருக்கிறார்கள். முடைந்த சாமான்களைக் காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன், பேத்திதான் இழுத்துக்கொண்டு போனாள். 2012இலும் 2020இலும் பெரிய காட்டுத்தீ வந்து நிறைய எரிந்துபோனதாம். இந்தப் பனை மட்டும் கருகின அடியிலிருந்தே மறுபடி துளிர்த்துவிடுமாம்.

உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு வழியாக காலா காப்ரேரியா என்ற முதல் துறைக்கு இறங்கினோம். சின்னதாக ஒரு வளைவு, மணலுக்குப் பதில் வெள்ளைக் கூழாங்கல். தண்ணீர் அப்படியொரு தெளிவு. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் போல அலையே இல்லை. உப்பு மட்டும் நம்ம கடலைவிடத் தூக்கல்! புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி வரை நின்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாச்சு, இப்படி வேலை ஒன்றுமில்லாமல் நின்று!

பாதையில் கடை கண்ணி கிடையாது. தண்ணீர், தொப்பி, பிடிப்பான ஷூ கட்டாயம், செருப்பு சரிப்படாது. நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கேயே சாப்பிட்டு, குப்பையைப் பையில் போட்டு எடுத்து வந்தோம். இன்னும் உள்ளே 10,000 வருஷத்துக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்த ஊஸோ குகை இருக்கிறது. அதுவரை போக என் முட்டி ஒத்துழைக்கவில்லை. அடுத்த தடவை வெயில் ஏறும் முன்பே கிளம்பலாம் என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.