மூக்கில் வளரும் சதை: மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிகிறது?

உறவினர் ஒருத்தருக்குப் போன மாசம் மூக்குல சதை எடுத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் ஃபார்மலின் ஊற்றிய ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "இதை லேப்ல கொடுத்துடுங்க" என்றார் நர்ஸ். உள்ளே தோல் உரித்த திராட்சை மாதிரி நாலைந்து துண்டுகள். "அதான் எடுத்தாச்சே, இனிமே இதுக்கு எதுக்குத் தனியா ஒரு டெஸ்ட்டு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் ஒன்று. பாலிப் என்பது நோயின் பெயர் இல்லை, உருவத்தின் பெயர். உள்சவ்வு வீங்கித் தொங்கினால் அது பாலிப். ஏன் வீங்கியது என்பதை உருவம் சொல்லாது.

லேபில் அந்தத் துண்டை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, இரண்டு சாயம் ஏற்றுகிறார்கள். ஹிமடாக்சிலின் செல்லின் கருவை நீலமாக்கும். ஈசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும்.

சாதாரண பாலிப்பில் மேல்பக்கம் மூக்கின் வழக்கமான சவ்வுதான்: நுண்மயிர் கொண்ட உயரமான செல்கள், நடுநடுவே சளி சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள். ஆனால் கோப்பைச் செல்கள் வழக்கத்தைவிட அதிகம். காற்று அடித்து அடித்து உரசும் இடங்களில் நுண்மயிர் போய், தோல் மாதிரித் தட்டையான அடுக்குகள் வந்திருக்கும். அதற்குக் கீழே அடித்தளச் சவ்வு, பட்டையான இளஞ்சிவப்புக் கோடாகத் தடித்துத் தெரியும்.

அதற்கும் கீழே பார்த்தால் பெரும்பாலும் வெளிறிய வெற்றிடம். அது நீர். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து இழைகளுக்கு நடுவே தேங்கிய நீர்தான் பாலிப்புக்கு அந்தத் திராட்சைத் தோற்றத்தைக் கொடுக்கிறது. சுரப்பிகள் குறைவு, நரம்புகள் ரொம்பவே குறைவு. டாக்டர் கருவியால் தொட்டால் பாலிப் வலிக்காது என்பதற்குக் காரணம் இதுதான். நிறையப் பேர் மூக்கின் பக்கவாட்டில் இயல்பாகவே இருக்கும் சதை மடிப்பைப் பாலிப் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அதைத் தொட்டால் வலிக்கும்.

அந்த நீருக்கு நடுவே சிதறிக் கிடக்கும் செல்கள்தான் ரிப்போர்ட்டின் முக்கியமான பகுதி. லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் எல்லாம் இருக்கும். ஆனால் பல பாலிப்களில் கண்ணை இழுப்பது ஈசினோஃபில்: செங்கல் நிறத்துத் துகள்கள், கூலிங் கிளாஸ் மாதிரி இரண்டு மடலான கரு. 1879-ல் பால் எர்லிக் ஈசின் சாயத்தை இவை உறிஞ்சுவதைப் பார்த்துத்தான் இந்தப் பெயரே வந்தது.

இவற்றை ஏன் எண்ண வேண்டும்? ஈசினோஃபில் அதிகமுள்ள பாலிப் பெரும்பாலும் ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும், எடுத்தாலும் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். 2020-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்துக்குள் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. நியூட்ரோஃபில் நிறைந்த பாலிப் வேறு வகை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் உள்ள குழந்தைகளுக்கு வருவது இப்படித்தான் இருக்கும். ஸ்டீராய்டு இதில் அவ்வளவாக எடுபடாது.

இதுவரை சொன்னது சாதுவான பாலிப். லேபுக்கு அனுப்பச் சொல்வதற்குப் பெரிய காரணம், பாலிப் வேஷத்தில் வரும் மற்றவை.

ஒன்று, தலைகீழ் பாப்பிலோமா. இதில் மேல்படைச் செல்கள் பல அடுக்காகப் பெருகி, வெளியே வளராமல் உள்நோக்கி விரல் விரலாக இறங்கியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில்தான் வரும். ஒரு சிறு பங்கு புற்றுநோயாக மாறும். அதனால் மேலோட்டமாக எடுத்தால் போதாது, ஒட்டியிருக்கும் அடி எலும்பு வரை சுத்தம் செய்ய வேண்டும்.

இன்னொன்று நம்ம ஊர்க்காரர்கள் தெரிந்திருக்க வேண்டியது: ரைனோஸ்போரிடியோசிஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் உலகிலேயே அதிகம். குளம், கண்மாயில் குளிப்பவர்களிடம் பார்க்கிறார்கள். மேலே வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ராபெர்ரி மாதிரி சிவந்திருக்கும், தொட்டால் ரத்தம் வரும். அந்தப் புள்ளிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தடித்த சுவருள்ள உருண்டைப் பைகள், உள்ளே ஆயிரக்கணக்கான வித்துகள். ரொம்ப நாள் பூஞ்சை என்றே நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளின் சொந்தக்காரன் என்று தெரிந்தது. இதற்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே தீர்வே இல்லை. வேரோடு எடுத்து அடியைச் சுட வேண்டும்.

மூன்றுமே மூக்கடைப்புதான், மூன்றுமே சதைதான். ஆனால் வைத்தியம் மூன்று விதம்.

உறவினரின் ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. நீர் கோத்த பாலிப், ஈசினோஃபில் நிறைய, புற்று அறிகுறி இல்லை. அதைப் பார்த்துவிட்டு டாக்டர், "குலையை வெட்டியாச்சு, கொடி அப்படியேதான் இருக்கு. ஸ்ப்ரேயையும் உப்புத்தண்ணி கழுவலையும் நிறுத்தாதீங்க" என்றார். மூக்கு நன்றாகத் திறந்துவிட்டதால், அந்தத் தாள் மட்டும் வரவில்லையென்றால் இரண்டாம் வாரமே ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட்டிருப்பார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூக்கில் சதை எடுத்தால், அந்த டப்பாவை லேபுக்குக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருஷம் கழித்துச் சதை திரும்ப வளர்ந்தால், புது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.