மேகக் கிடங்கில் ஓர் அமானிதம்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ள குண்டடம், 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தைச் சார்ந்திருந்த வறண்ட நிலத்து ஊர். திருப்பூரின் பின்னலாடைத் தொழில், ‘பவர் டேபிள்’ என்று வழங்கும் தையற்கூடங்களின் வடிவில் இத்தகைய ஊர்களையும் எட்டியிருக்கின்றது. அவ்வாறான கூடமொன்றை நடத்தும் அன்பர் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன்னர் அங்குச் சந்தித்தோம். பணியாளர்களின் ஷிப்ட் கணக்கு, வாரச் சம்பளம், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகிய அனைத்தையும் அவர் தம் கைப்பேசியிலேயே நமக்குக் காட்டினார். கைப்பேசி தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என வினவினோம். “அதுக்கென்னங்க, எல்லாம் மேலே கிளவுடுல பத்திரமா இருக்குதுங்க” என்று வானை நோக்கி விரலை உயர்த்தினார்.

அவ்விரல் காட்டிய திசையில் ஏதுமில்லை. மேகக் கணிமை என்பது பெயரளவில்தான் மேகம். உண்மையில் அது மண்ணில் ஊன்றிய கட்டடம். சென்னையை அடுத்த சிறுசேரியிலும், அம்பத்தூரிலும், மும்பையிலும், ஐதராபாத்திலும், கடல் கடந்த நாடுகளிலும் அத்தகைய தரவு மையங்கள் இரவு பகலாக மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு இயங்குகின்றன. ஒருவருடைய கோப்பு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக வெவ்வேறு இயந்திரங்களில் வைக்கப்படுகின்றது. அது மறையீடு செய்யப்பட்டுத்தான் வைக்கப்படுகின்றது; ஆயினும் மறையீட்டின் திறவுகோல் பெரும்பாலும் கிடங்குக்காரரிடமே இருக்கின்றது. பெட்டியைப் பூட்டிச் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்து வருவதற்கு ஒப்பானது இது. சுருங்கக் கூறின், நம் பொருளைப் பிறரொருவரின் காவலில் வைக்கின்றோம். இதற்கு இஸ்லாமியச் சட்டவியலில் ‘வதீஆ’ என்று பெயர்.

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு மக்கத்து மக்கள் ‘அல்அமீன்’ என்று பெயரிட்டழைத்ததும், அவர்களை எதிர்த்து நின்றோரும்கூடத் தம் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்ததும் யாவரும் அறிந்தவை. கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்டபொழுது, அப்பொருள்களை உரியோரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்ற வரலாறும் அத்தகையதே. இவ்வடிப்படையில் ஃபுகஹாக்கள் வதீஆவுக்கு விரிவான விதிகளை வகுத்தனர். காவலர் அப்பொருளைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்தலாகாது; கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும்; தம் பிழையின்றி அது அழிந்தால் அவர் ஈடு செய்யவேண்டியதில்லை. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்டதும் ஹனஃபி மத்ஹபைத் தழுவியதுமான ‘மஜல்லா’ சட்டத்தின் 777ஆம் விதி இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுகின்றது. கூலி பெற்றுக்கொண்டு காக்கின்றவரிடமிருந்து, தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் பொருள் தொலையுமாயின் அவர் ஈடு செய்தாக வேண்டும். கொங்கு நாட்டு ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபிகளாதலின், இவ்விதி நம் குண்டடத்து அன்பருக்கு அயலானதன்று.

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையானது. காப்புப் பிரதிக்கென்றே தனிக் கட்டணம் செலுத்தியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் காப்புப் பிரதியும் மூலத்துடன் அங்கேயே வைக்கப்பட்டிருந்ததால் இரண்டும் ஒருங்கே அழிந்தன. தீ விபத்து எதிர்பாராதது என்ற வாதத்தை லில் நகர வணிக நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீயைத் தவிர்க்க இயலாது போகலாம், பிரதியை வேறிடத்தில் வைத்திருக்க இயலுமன்றோ? கூலிக்குக் காப்பவர் குறித்து மஜல்லா கூறுவதும் ஏறத்தாழ இதுவே.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு தொட்டுப் பொருள் ஒப்படைப்பைப் பற்றிப் பேசுகின்றது. ஆனால் அது ‘சரக்கு’ என்பதை அடிப்படையாகக் கொண்டது. கைப்பேசியிலிருந்து காற்றில் ஏறிச் செல்லும் ஓர் ஆதார் நகலைச் சரக்கெனக் கொள்ள அச்சட்டம் எளிதில் இடந்தராது. ஃபிக்ஹிலும் இவ்வினா உண்டு. எது ‘மால்’ அதாவது சொத்து என்பதற்கு முற்கால ஹனஃபி அறிஞர்கள் கூறிய இலக்கணங்களுள் ஒன்று, தேவைக்கென அதனைச் சேமித்து வைக்க இயலவேண்டும் என்பது. சேமித்து வைப்பதற்கென்றே பிறந்த தரவு அவ்விலக்கணத்துக்குப் பொருந்தி வருவது வியப்பே! 1988இல் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிகப் பெயர், பதிப்புரிமை போன்ற உருவற்ற உரிமைகளும் மதிப்புடைய சொத்தே எனத் தீர்மானித்தது. தரவை அமானிதமாகக் கருதுவதற்கு அத்தீர்மானத்திலிருந்து வழி திறக்கின்றது என்பது நம் கருத்து.

கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும் என்ற விதியும் இன்று சோதனைக்குள்ளாகியிருக்கின்றது. ரஷ்ய நிறுவனமொன்று பெரும் பங்கு வகிக்கும் நயாரா எனர்ஜி என்னும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கட்டணம் செலுத்தியிருந்தும் தன் மின்னஞ்சலையும் தரவுகளையும் அணுக முடியாத நயாரா, டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே சேவை மீண்டது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ சட்டத்தால் விதிக்கப்படாத ஒரு தடை, இந்திய நிறுவனத்தின் கதவை அடைத்தது. இதன் மறுபக்கமாக, அமெரிக்கா 2018இல் இயற்றிய சட்டமொன்றின்படி, அந்நாட்டு நிறுவனங்கள் தம் வசமுள்ள தரவு எந்நாட்டில் இருப்பினும் உரிய ஆணையின்பேரில் அதனை அந்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்தாக வேண்டும். கிடங்கு மும்பையில் இருந்தால் போதுமென எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் பொருளுக்கு உடையவருக்கும் காவலருக்கும் இடைப்பட்ட வழக்குகள். நம் அன்பரின் கைப்பேசியில் இருந்தவையோ அவருடைய பொருள்களே அல்ல. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞர்களும், பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வேனில் வந்திறங்கும் பெண்களும் வேலை கேட்டு வந்த அன்று அவர் கையில் கொடுத்த ஆவணங்கள் அவை. அவரே ஓர் அமானிதக் காவலர். அவர்களைக் கேளாமல் அதனை மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கின்றார்.

காவலர் தம் வீட்டார் அல்லாத வேறொருவரிடம் அமானிதத்தை உரியவரின் அனுமதியின்றி ஒப்படைக்கலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் விதி. அவ்வாறு ஒப்படைத்து, இரண்டாமவரிடம் அது அழிந்தால் யார் பொறுப்பு? முதற் காவலர் மட்டுமே என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவருமோ, உடையவர் இருவரில் எவரிடமும் ஈடு கோரலாம் என்றார்கள். ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முந்தைய இக்கருத்து வேற்றுமை இன்றைய சட்டங்களிலும் நிழலாடுகின்றது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 82ஆம் பிரிவு, தரவைத் திரட்டியவர், அவருக்காகக் கையாண்டவர் ஆகிய இருவரையுமே இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகின்றது. இது மாணவர் இருவரின் கருத்தையொத்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அதன் 8ஆம் பிரிவில், கிடங்குக்காரருடன் எத்தகைய ஒப்பந்தம் இருப்பினும் தரவைத் திரட்டியவரே பொறுப்பு என்கின்றது. இமாமவர்களின் கூற்றுக்கு நெருங்கியது இது. திட்டமிட்டு வந்த ஒற்றுமை அன்று; வினா ஒன்றாக இருப்பின் விடைகளும் சிலவாகவே இருக்கும் போலும்.

எனின், ஓரிடத்தில் நம் நாட்டுச் சட்டம் ஃபிக்ஹிலிருந்து முற்றிலும் விலகுகின்றது. ஃபிக்ஹில் ‘ளமான்’ எனப்படும் ஈடு, பொருளை இழந்தவரையே சென்றடையும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்புத் தவறுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. அத்தண்டம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். ஆதார் நகல் கசிந்து கடன் மோசடியில் சிக்கிய தையற்காரருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வகை செய்திருந்தது. புதிய சட்டம் அப்பிரிவையே நீக்குகின்றது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை, அளித்தன. அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறிய நாட்டில், அவ்வுரிமையை இழந்தவருக்கு இச்சட்டத்தில் ஈடில்லாதது பெருங்குறையென்றே நாம் கருதுகின்றோம்.

கசிந்ததை மீட்பதும் எளிதன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024 செப்டம்பரில் டெலிகிராம் செயலியில் தானியங்கி உரையாடல் கணக்குகள் வழியே கிடைக்கலாயின. மருத்துவ அறிக்கைகளும் அவற்றுள் இருந்தன. 3 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்கள் தம்மிடம் உள்ளதாகக் கசியவிட்டவர் கூறிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றது. ஆனால் ஒரு கணக்கை முடக்கினால் மற்றொன்று முளைத்தது.

இவற்றை நாம் விளக்கியபொழுது அந்த அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்க் கைப்பேசியைத் திறந்து, அக்கோப்புகளைக் காண யார் யாருக்கு அனுமதியுள்ளது என்று பார்த்தார். ஈராண்டுக்கு முன் வேலையை விட்டுச் சென்ற கணக்கரின் பெயர் அப்பட்டியலில் அப்படியே இருந்தது. அதனை நீக்கினார். தீபாவளிக்கு ஊருக்குச் சென்று திரும்பாதவர்களின் ஆதார் நகல்களும் பல இருந்தன. வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும் சட்டப்படி பேணப்பட வேண்டியவை. நோக்கம் முடிந்த பின்னும் இந்நகல்களை வைத்திருப்பதற்குக் காரணம் ஏதும் அவரிடம் இல்லை. ஒவ்வொன்றாக அழித்தார். அழித்தவை அவருடைய கணக்கின் குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் இருக்கும் என்றோம். அழித்த நாளிலிருந்து கணக்கிட்டால், தன் இயந்திரங்களிலிருந்து முற்றிலும் நீங்கச் சுமார் 2 மாதங்களும், காப்புப் பிரதிகளிலிருந்து நீங்க 6 மாதங்கள் வரையும் ஆகலாமென அக்கிடங்கை நடத்தும் கூகுள் நிறுவனமே தன் கொள்கையில் அறிவித்துள்ளது. குப்பைத் தொட்டியையும் அப்பொழுதே காலி செய்துவிட்டு, இனி சேருவோரிடம் எதைக் கேட்டு வாங்குவது, எதை நேரில் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நம்மிடம் கேட்கத் தொடங்கினார்.