மிச்ச நூலில் மலரும் சதுரங்கள்

இரப்பர் மரம் சீவிய பெற்றோர் நன்கறிவர்: மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து, நாடாவைப் போல ஒட்டியிருக்கும் பாலையும் உரித்தெடுக்க வேண்டும். மங்கின் அடியில் உறைந்த கட்டிப்பாலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவையும் நிறுவைக்குப் போகும்; அவற்றிற்கும் காசு உண்டு. வெட்டுக்கோட்டில் உரிக்கும் அந்த நாடாவிற்கு ஆங்கிலத்தில் 'ட்ரீ லேஸ்' என்று பெயர். லேஸ் என்பது நூலைக் கொண்டு துளைதுளையாகப் பின்னும் அழகுவேலை. மரத்தில் எஞ்சிய மிச்சத்திற்குப் பின்னல் வேலையின் பெயர் அமைந்தது பொருத்தமே.

பேராக் மாநிலத்தில் இரப்பர் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயத்து வீடுகளை விட்டு ஈப்போவுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. ஆயினும் மிச்சத்தை வீசியெறியாத வழக்கம் நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்: குழந்தைத் தொப்பி பின்னி மிஞ்சிய மஞ்சள் நூல், பள்ளிக் கைவேலைக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு நூல், எதற்கு வாங்கியது என்றே நினைவில்லாத பச்சை நூல் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். அத்துண்டுகளைக் கொண்டு சிறு வண்ணச் சதுரம் பின்னும் முறையை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இங்கே விளக்க முற்படுகின்றோம்.

இவ்வேலைக்குக் குரோஷே என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் சிறு கொக்கியைக் குறிக்கும். நுனியில் கொக்கியுள்ள ஒரே ஓர் ஊசி போதும். மலாய் மொழியிலும் கொக்கிக்கு 'காயிட்' என்பர். நீண்ட கழியின் நுனியில் கொக்கி கட்டிப் பழம் பறிப்பதும் 'மெங்காயிட்', நூலைக் கொக்கியால் இழுத்துப் பின்னுவதும் 'மெங்காயிட்' தான். பழம் பறிக்கத் தெரிந்த கைக்கு இது முற்றிலும் புதிய வித்தை அன்று என்று சொல்லி, தயங்கும் சிறுவர்களை நாம் அழைக்கலாம். சிறுமியர்க்கு மட்டும் உரிய வேலை என்று இதனை ஒதுக்குவதில் நமக்கு உடன்பாடில்லை.

நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் இச்சதுரத்தை ஆங்கிலேயர் 'பாட்டிச் சதுரம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். அமெரிக்காவில் வெளிவந்த 'பிரேரி ஃபார்மர்' என்னும் உழவர் இதழில் 1885ஆம் ஆண்டிலேயே இதன் செய்முறை அச்சாகியுள்ளது. உழவர் வீடுகளில் நூல் வாங்கக் காசு குறைவு. பழைய பின்னலாடையை அவிழ்த்தெடுத்த நூலும், மிஞ்சிய நூலும் இருந்தன. சிறு துண்டுகளாலேயே ஆக்கக்கூடிய வடிவம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம். 4 மில்லிமீட்டர் கனமுள்ள கொக்கி ஊசியும் நடுத்தரக் கனமுள்ள நூலும் தொடக்கநிலையினர்க்கு ஏற்றவை. ஊசியின் கனம் அதன் பிடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் நூலில் ஒரு நழுவு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைக் கொக்கியில் கொளுவி அந்தக் கண்ணியின் வழியே இழுத்தால் புதிய கண்ணி ஒன்று பிறக்கும். இதுவே சங்கிலிக் கண்ணி. இவ்வாறு நான்கு கண்ணிகள் போட்டு, முதற்கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்து இணைத்தால் சிறு வளையம் கிடைக்கும். அவ்வளையமே சதுரத்தின் நடுப்புள்ளி.

அடுத்துக் கற்க வேண்டியது தூண் பின்னல். நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு, வளையத்தினுள் ஊசியை நுழைத்து நூலை இழுத்தெடுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலைக் கொளுவி முதல் இரண்டின் வழியே இழுங்கள்; இரண்டு எஞ்சும். மீண்டும் கொளுவி அவ்விரண்டின் வழியே இழுங்கள்; ஒன்றே எஞ்சும். ஒரு தூண் எழுந்துவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. இதே பின்னலை இங்கிலாந்து நூல்கள் 'ட்ரெபிள்' என்றும், அமெரிக்க நூல்கள் 'டபுள் குரோஷே' என்றும் கூறும். இவ்வேறுபாட்டை அறியாமல் புத்தகத்தைப் பார்த்துப் பின்னினால் வேலை கோணிப்போகும். பின்னுபவர் தம் கையைக் குறை கூறிக்கொள்வார்.

முதற்சுற்றின் தொடக்கத்தில் மூன்று சங்கிலிக் கண்ணிகள் போட வேண்டும். அவை ஒரு தூணுக்கு ஈடாகும். அதனருகே, வளையத்தினுள்ளேயே, இரண்டு தூண்கள் எழுப்பினால் மூன்று தூண்கொண்ட ஒரு கொத்து நிறைவுறும். பின் இரண்டு சங்கிலி போடுங்கள், அது மூலை. இவ்வாறே மும்மூன்று தூண்களாக இன்னும் மூன்று கொத்துகளும், ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு சங்கிலியும் அமைத்து, தொடக்கத்துச் சங்கிலியின் உச்சியில் இணைத்துவிடுங்கள். நான்கு கொத்து, நான்கு மூலை, பன்னிரண்டு தூண். நூலை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். அந்த வாலைப் பிற்பாடு மொட்டை ஊசியால் பின்னலுக்குள் ஒளித்துத் தைக்க வேண்டும். வாலைக் குட்டையாக வெட்டினால் இரண்டு சலவையில் பின்னல் அவிழும்.

இரண்டாம் சுற்றுக்கு வேறு நிற நூலை ஏதேனும் ஒரு மூலை இடைவெளியில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, மீண்டும் ஒரு கொத்து. அடுத்த மூலைக்குத் தாவுமுன் ஒரே ஒரு சங்கிலி. மூன்றாம் சுற்றிலிருந்து மூலைகளில் இவ்வாறே செய்து, பக்கங்களில் உள்ள ஒற்றைச் சங்கிலி இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து நிரப்ப வேண்டும். இதற்குமேல் கற்பதற்கு ஒன்றுமில்லை. எத்தனை சுற்று வேண்டுமோ அத்தனை சுற்றும் இதே முறைதான். நான்கு சுற்றில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சதுரம் கையில் இருக்கும்.

மாணவர்களே, இச்சதுரத்திற்குள் ஒரு கணக்குப் பாடம் ஒளிந்துள்ளது. முதற்சுற்றில் 12 தூண், இரண்டாவதில் 24, மூன்றாவதில் 36, நான்காவதில் 48. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பன்னிரண்டு கூடுகின்றது. மொத்தத் தூண்களை அறிய, சுற்றின் எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி, வந்ததை 6ஆல் பெருக்குங்கள். நான்கு சுற்றுக்கு 4, 5, 6 மூன்றையும் பெருக்க 120 வரும். ஐந்து சுற்றுக்கு எத்தனை என்று நீங்களே கண்டுபிடித்துப் பின்னல் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மிச்ச நூலுக்கு இவ்வடிவம் பொருந்துவதன் காரணமும் இக்கணக்கில்தான் உள்ளது. முதற்சுற்றைப் பின்னி முடித்ததும் அதை அவிழ்த்து, அதற்குச் செலவான நூலை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றுக்கு ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு வேண்டும், மூன்றாவதற்கு மும்மடங்கு, நான்காவதற்கு நான்மடங்கு. வாலுக்குரிய நீளத்தைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே டின்னில் உள்ள துண்டுகளை நீள வரிசைப்படி அடுக்கினால், மிகக் குட்டையான துண்டு நடுவுக்கும், அதனினும் நீண்டவை அடுத்தடுத்த சுற்றுக்கும் போகும். ஒரு முழத்துண்டுக்கு மட்டும் இதில் இடமில்லை. அதைப் பொம்மைக்குள் திணிக்கலாம். எல்லாச் சதுரங்களின் கடைசிச் சுற்றுக்கும் ஒரே நிறம் வேண்டுமாதலால், அந்த நூலை மட்டும் புதிதாக ஒரு கண்டு வாங்கிவிடுவது நல்லது. உள்ளே எத்தனை நிறம் சண்டையிட்டாலும், சுற்றிலும் ஒரே வெள்ளையோ கறுப்போ வந்துவிட்டால் கண்ணுக்கு இசைவாகிவிடும். தடித்த நூலையும் மெல்லிய நூலையும் ஒரே சதுரத்தில் கலக்க வேண்டா, சதுரம் நெளியும். சாயம் போகும் நூலா என்பதையும் முன்னரே சோதியுங்கள்: துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் தெரிந்துவிடும்.

மூலைகளில் கொத்துகளைக் கூட்ட மறந்தால் என்ன ஆகும்? சதுரம் தட்டையாக இராமல் குழிந்து கிண்ணமாகிவிடும். தொப்பி பின்னுவோர் வேண்டுமென்றே செய்வது அதுதான். அளவுக்கு மீறிக் கூட்டினாலோ விளிம்பு கோழிக்கொண்டையைப் போல மடிந்து மடிந்து எழும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் தைனா தைமினா என்னும் அம்மையார், காகிதத்தில் எளிதாகக் காட்ட இயலாத வளைபரப்பு ஒன்றை 1997இல் இப்படிக் கண்ணிகளைக் கூட்டிக் கூட்டிக் கொக்கி ஊசியாலேயே பின்னி மாணவர் கையில் கொடுத்தார்.

நம் நாட்டு வெயிலுக்குக் கம்பளிப் போர்வை எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நமக்கு ஏற்றவை நாற்காலித் திண்டு உறை, குவளை விரிப்பு, வாசல் தோரணம், தோள்பை ஆகியவை. பதின்மூன்று சதுரங்களைச் சாய்சதுரமாக அடுக்கி இணைத்தால் அழகிய பை ஒன்று உருவாகும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைகளில் கம்பளி என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது சூட்டில் உருகும். அத்தகைய சதுரத்தால் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கக் கூடாது, கை வெந்துவிடும். சட்டிபிடி துணிக்குப் பருத்தி நூலையே பயன்படுத்துங்கள்.

சிறு சதுரம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் மகளிர் குழுவினர், பலரும் பின்னி அளித்த தனித்தனிப் போர்வைத் துண்டுகளை 2016 சனவரி 31ஆம் நாள் ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுரமீட்டர் பரப்புள்ள போர்வையாக விரித்து, கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றனர். ஒன்றரைக் காற்பந்துத் திடல் அளவு அது.

சாதனை ஒருபுறமிருக்க, இவ்வேலையால் பிழைத்தவர்களின் வரலாற்றையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கில மாது பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். கொக்கி ஊசியைக் கொண்டு செய்வதன்று அது; திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை நிலவியது. அடிமைகளாயிருந்த பெண்களுள் சிலர், லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தால் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றனர்.

மற்றொரு வரலாறு கோதாவரி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நரசாபூரைப் பற்றியது. நம் மாநிலத்துப் பாகான் டத்தோ வட்டாரத்தில் வாழும் தெலுங்கு மக்களின் மொழி வழங்கும் நாடு அது. அங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகின்றனர். அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் அப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. நாள்தோறும் பல மணிநேரம் உழைத்த அவர்களை 'வீட்டிலிருக்கும் பெண்கள்' என்றும், அவ்வுழைப்பை 'ஓய்வுநேர வேலை' என்றும் பெயரிட்டதனாலேயே மிகக் குறைந்த கூலி கொடுக்க முடிந்தது என்று அவர் காட்டினார். வணிகர் செழித்தனர், பின்னியவர் வறியராகவே இருந்தனர்.

பால் நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்துப் பழகிய தாய்மார்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும், தம் கைவேலைக்கு விலை கேட்டால் நூலின் விலையை மட்டும் சொல்லிவிடுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. நூல் மிச்சமானது என்றால் அதையும் சொல்வதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியாவில் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 காசு. பழகிய கை ஒரு சதுரத்தை இருபது நிமிடத்தில் முடிக்கும் என்று கொள்வோம். பதின்மூன்று சதுரத்திற்கு நான்கு மணி இருபது நிமிடம். கூலி 35 ரிங்கிட் 40 காசு. இணைத்துத் தைப்பதும், வால்களை ஒளிப்பதும், உள்துணி வைப்பதும் இதில் சேரவில்லை. அத்தகைய பையைப் பத்து ரிங்கிட்டுக்குக் கேட்பவர் உறவினராயின், அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம் என்பது நம் கருத்து. அவர் கடைக்காரராயின் கொடுக்க வேண்டா.

ஆகையால் பின்ன உட்காரும்போது அருகில் கடிகாரமும் ஒரு தாளும் இருக்கட்டும். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் பிள்ளைகள் எழுதட்டும். பத்துச் சதுரங்களின் நிமிடங்களைக் கூட்டிப் பத்தால் வகுத்தால், உங்கள் கையின் சராசரி வேகம் தெரிந்துவிடும். விலை பேச வருபவரிடம் காட்டுவதற்கு அந்தத் தாளை நூல் டின்னின் மூடிக்குள் மடித்து வையுங்கள்.