காற்றின் தடையும் மீடிறனும்

மாரிக்கால இரவில் காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்றோர், வான் பிளந்தாற்போல் மின்னல் பாய்வதைக் கண்டிருப்பர். மின்னைத் தடுத்து நிற்கும் காற்றே அவ்வேளை மின்னுக்கு வழியாகிவிடுகின்றது. இதுவே காற்றின் மின்னுடைவு. இது மின்னழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அவ்வழுத்தம் செக்கனுக்கு எத்தனை முறை மாறி மாறி வருகின்றது என்னும் மீடிறனையும் பொறுத்தது.

தட்டையான இரு மின்வாய்களை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால், ஏறத்தாழ 30,000 உவோற்று அழுத்தத்திற் பொறி பாயும். காற்றில் உலவும் இலத்திரனொன்று விரைந்து மூலக்கூறுகளை மோத, இலத்திரன்கள் பலவாய்ப் பெருகும். பின்னே எஞ்சுவன நேரேற்றம் பெற்ற அயன்கள். அவை பாரமானவை; மெல்ல நகர்பவை.

எமது வீடுகளுக்கு வரும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்று உடையது. அரைச்சுற்றுக்குச் செக்கனின் நூறிலொரு பங்கு நேரமுண்டு. அயன் அவ்விடைவெளியைக் கடக்கச் செக்கனின் இலட்சத்திற் சில பங்கே போதும். ஆதலால் இடைவெளி ஒவ்வொரு முறையும் வெறுமையாகிவிடும்.

மத்திய அலை வானொலியிலோ செக்கனுக்கு ஏறத்தாழப் பத்திலட்சம் சுற்று. மாவிட்டபுரத் திருவிழாக் கூட்டத்தை வாயிலடையுமுன் மீண்டும் மீண்டும் திருப்பினால், இளைஞர் ஓடி வெளியேறுவர். முதியோர் நடுவிலே நெருங்கி நிற்பர். அங்ஙனமே இலத்திரன்கள் வெளியேற, அயன்கள் தங்கிக் குவியும். அக்குவியல் மின்வாயின் அருகே மின்புலத்தை மிகுவிக்கும். உடைவழுத்தம் ஐந்திலொரு பங்கு வரை குறையலாம். மீடிறன் இன்னும் உயரின் இலத்திரன்களும் அகப்பட்டுக்கொள்ளும். இரு மோதல்களுக்கிடையே இலத்திரன் ஊக்கம் பெற நேரமில்லாத அளவுக்கு மீடிறன் மிகுந்தால் மாத்திரமே காற்றின் தடை மீண்டும் வலுக்கும்.

1925 டிசெம்பர் 16இற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. அத்தகைய நிலையங்களில் பணிபுரிவோர்க்கு இவ்வுண்மை உயிர்காக்கும் அறிவாகும். வீட்டு மின்னின் மீடிறனிற் சோதித்து, அஞ்சவேண்டாவெனக் கொண்ட இடைவெளி, வானொலி மீடிறனிற் காவாது போகலாம். எமது கரையிற் பீங்கான் காவலிகள்மேல் உப்புப் படிந்து, ஈரத்தில் மின் கசிவது வேறு. அது மேற்பரப்பின் குறை. இதுவோ காற்றின் இயல்பு.

ஆகவே, பழைய மாணவருட் பொறியியல் பயின்றோரும் வீட்டில் வானொலிக் கருவி செய்து பழகும் இளைஞரும், இடைவெளியை அளக்குமுன் மீடிறனை வினவுதல் வேண்டும்.