குக்கீ: இணையத்தின் அனுமதிச் சீட்டு

இராமேசுவரத்திலிருந்து கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு வழங்குவதை நாம் அறிவோம். கடற்கரை மக்கள் அதனை ‘டோக்கன்’ என்பர். சீட்டோ சிறியது; படகைப் பற்றிய விவரங்கள் அலுவலகப் பதிவேட்டில் உள்ளன. இணையத்திலும் இத்தகைய சீட்டு ஒன்று உண்டு. ‘குக்கீ’ என்னும் அதனை ஆளும் முறையை ஈண்டுக் காண்போம்.

இணையத் தளங்கள் இயங்கும் எச்டிடிபி என்னும் நெறிமுறைக்கு இயல்பில் நினைவாற்றல் இல்லை. கேட்ட பக்கத்தைக் கொடுக்கும். கேட்டவர் யாரென்பதை உடனே மறக்கும். இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொண்டுல்லி 1994-இல் குக்கீயை உருவாக்கினார். தளத்தின் வழங்கி ஒரு சிறு குறிப்பை அனுப்ப, நம் உலாவி அதனைக் காத்து வைத்து, அத்தளத்தை மீண்டும் நாடும்போதெல்லாம் உடன் அனுப்புகிறது.

இன்று தளம் அமைப்போர் பலரும் ஆயத்தச் சட்டகங்களையே துணைக்கொள்கின்றனர். 2005-இல் வெளியான ‘ஜாங்கோ’ அவற்றுள் ஒன்று. பயனர் உள்நுழைந்ததும், பிறர் ஊகிக்க இயலாத அடையாளக் குறி ஒன்றை மட்டும் அது குக்கீயில் வைக்கிறது. ஏனைய விவரங்கள் தரவுத்தளம் என்னும் பதிவேட்டில் தங்குகின்றன. ஆயினும் அச்சீட்டு யார் கையில் உள்ளதோ அவரையே உரியவர் எனத் தளம் நம்பிவிடும். ஆகவே காவல் தேவையாகிறது.

காவல்கள் மூன்று. ‘எச்டிடிபி ஒன்லி’ என்பது பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் குக்கீயைப் படிக்காமல் தடுக்கும். ‘செக்யூர்’ என்பது மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டுமே அதனைச் செல்லவிடும். ‘சேம்சைட்’ என்பது பிற தளங்கள் தூண்டும் வேண்டுகோள்களுடன் அது செல்வதைக் கட்டுப்படுத்தும். ஜாங்கோவின் உள்நுழைவுக் குக்கீக்கு முதலாவதும் மூன்றாவதும் இயல்பாகவே அமைந்துள்ளன. இரண்டாவதை அமைப்பாளரே இயக்க வேண்டும்.

இவற்றினும் நாம் கருத வேண்டியது கால எல்லை. ஜாங்கோவின் இயல்பமைப்பில் இக்குக்கீயின் ஆயுள் இரு வாரங்கள். உலாவியை மூடினாலும் அழியாது. சொந்தக் கணினி உடையார்க்கு இது வசதி. ஒரே கணினியைப் பலர் பகிரும் ஊர்களிலோ இதுவே இடராகும். என் மாணவி ஒருத்தி கணினி மையம் ஒன்றில் விண்ணப்பம் நிரப்பி, சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்தாள். மறுநாள் அங்கு அமர்ந்த வேறொருவரின் திரையில் அவளுடைய படமும் முகவரியும் கைப்பேசி எண்ணும் தோன்றின. அவர் நல்லவர், மையத்தாரிடம் கூறிவிட்டார். செய்தியறிந்த தந்தையாரோ, “இனி இவள் படிப்பே வேண்டா” என்றார். அவரைத் தேற்ற ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேச வேண்டியதாயிற்று.

ஒரு சிறு அமைப்பு ஒரு பெண்ணின் கல்வியையே தடுக்க வல்லது எனில் மிகையன்று. உலாவியை மூடியதும் குக்கீ காலாவதியாகுமாறு அமைப்பாளர் மாற்றலாம். ஆயுளைச் சில நிமிடங்களாகவும் குறைக்கலாம். சில உலாவிகள் மூடிய பக்கங்களைக் குக்கீயுடன் மீட்டெடுக்கும் ஆதலின், ‘வெளியேறு’ என்னும் பொத்தானை அழுத்துவதே உறுதியான வழி. அப்போது ஜாங்கோ பதிவேட்டிலுள்ள பதிவையே நீக்கிவிடும். பின்னர் அச்சீட்டு எவர் கையில் இருந்தும் பயனில்லை.

2023-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் விவரங்களைப் பெறுவோர் அவற்றைத் தக்கவாறு காக்க வேண்டுமெனப் பணிக்கிறது. கணினி கற்கும் மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் அமைக்கும் தளத்தைப் பொதுக் கணினியில் திறக்கப்போகும் தங்கையையும் எண்ணிப் பார்த்து அமையுங்கள்.