வறுத்தெடுப்பதும் கண்டிப்பதும்

ஒருவரைத் திட்டித் தீர்க்க வேண்டுமென்றால் தமிழ் முதலில் அடுப்பங்கரைக்குப் போகும். வறுத்தெடுக்கும், தாளிக்கும், காய்ச்சி எடுக்கும். ஆத்திரம் அங்கே அடங்காவிட்டால் துவைக்கிற கல்லுக்கு வரும். வெளுத்து வாங்கும், கழுவிக் கழுவி ஊற்றும், கிழித்துத் தொங்கவிடும். அதுவும் போதாதென்றால் பனங்காய் வெட்டப் போய்விடும்: நோண்டி நொங்கெடுத்துவிடும். கோபத்துக்கென்றே பிறந்த வினைகளை எண்ணிப் பார்த்தால் திட்டு, ஏசு, வை, கடி என்று கொஞ்சம்தான் தேறும். மற்றவையெல்லாம் கையால் செய்கிற வேலையின் சொற்கள். வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் பேசுவதை ஒரு கால் மணி நேரம் காதில் வாங்கினால் பாதிப் பட்டியல் கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘மிளகாயை வறுத்தாள்’ என்றால் சமையல். ‘மருமகனை வறுத்தாள்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வறுத்தெடுத்தாள்’ என்றால்தான் திட்டு. ‘வெளுத்தார்’ என்றால் துணி, ‘வெளுத்து வாங்கினார்’ என்றால் ஆள். பாத்திரத்தைக் கழுவுவார்கள், புதுப்படத்தைக் கழுவி ஊற்றுவார்கள். அடி விழுவது முதல் வினையால் அல்ல, அதன் வாலாக வரும் இரண்டாவது வினையால். எடு, தள்ளு, தீர், விடு போன்றவற்றை இலக்கணத்தில் துணைவினை என்பார்கள்; வாங்கு, ஊற்று ஆகியவையும் இங்கே அதே வேலையைத்தான் செய்கின்றன. இந்த இடத்தில் எதையும் கையில் எடுப்பதுமில்லை, கடையில் வாங்குவதுமில்லை. சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் வந்த வேலை மிச்சம் மீதியில்லாமல் நடந்து முடிந்தது என்பதை மட்டும் இவை சொல்கின்றன. துணைவினை கிடைக்காத நேரத்தில் தமிழ் அதே வினையையே திரும்பப் போட்டுக்கொள்ளும்: கிழிகிழியென்று கிழித்தார்.

மிச்சமில்லாமல் முடிப்பது என்பது திட்டுக்கு மட்டும் உரியதா என்ன? அதனால்தான் மழையும் வெளுத்து வாங்குகிறது, சேப்பாக்கத்தில் மட்டை பிடித்தவரும் வெளுத்து வாங்குகிறார். கச்சேரியில் ஒருவர் பிய்த்து உதறினார் என்றால் பாராட்டு. வினையில் பகை கிடையாது, வேகம்தான் உண்டு. அது யார்மேல் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் வசவா வாழ்த்தா என்று காது முடிவு செய்கிறது. குரலும் சேர்ந்துகொள்ளும். ‘ஆமா, நீ கிழிச்ச!’ என்று ஒரு அம்மா மகனிடம் சொல்லும்போது அவன் எதையும் கிழிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலமும் இந்த விஷயத்தில் நமக்குத் தூரத்து உறவு. இந்திய ஆங்கில நாளிதழ்களின் தலைப்புகளில் அடிக்கடி வரும் ‘ஃப்ளே’ தோலை உரிப்பது, ‘ஸ்லாம்’ படாரென்று சாத்துவது, ‘ரோஸ்ட்’ சாட்சாத் நம் வறுவல். தலைப்புக்கு இடம் குறைவு, நீளமான வினை உள்ளே நுழையாது. அதே நெருக்கடிதான் நம் பத்திரிகைகளுக்குச் சாடலையும் விளாசலையும் கொடுத்தது.

‘கண்டி’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராத சொல். அதைப் பார்க்க எண்ணூருக்குத்தான் வர வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி முடிப்பதற்குள், டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடினார்கள். இப்படி ஒன்று நடந்த பிறகு ஒரு ஊர் வாயால் பேசுவதை அச்சில் போட முடியாது. சுவரொட்டியில் போட முடிந்தது வேறு: ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’.

இந்தச் சொல் ஏன் தனி என்பதற்கு விடை தத்துவத்தில் இருக்கிறது. ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகள், அவர் இறந்த பிறகு, 1962இல் நூலாக வந்தன. சில வாக்கியங்கள் எதையும் வர்ணிப்பதில்லை, சொல்லும்போதே காரியத்தைச் செய்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. ‘வாக்களிக்கிறேன்’ என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். ‘உன்னை வறுத்தெடுக்கிறேன்’ என்று சொன்னால் யாரும் வறுபடுவதில்லை. ‘உன்னைத் திட்டுகிறேன்’ என்பது திட்டே ஆகாது, அதற்கு வேறு சொற்கள் வேண்டும். ‘கண்டிக்கிறோம்’ என்றாலோ, சொன்ன மாத்திரத்தில் கண்டனம் பதிவாகிவிடுகிறது. ஆனால் ஆஸ்டின் ஒரு நிபந்தனையும் வைத்தார்: சொல்பவருக்கு அதற்கான தகுதி வேண்டும், இல்லாவிட்டால் வேட்டு வெடிக்காது. சங்கம், கட்சி, ஊர்ப் பஞ்சாயத்து கண்டிக்கலாம். டீக்கடையில் ஒருவர் தனியாக எழுந்து ‘நான் கண்டிக்கிறேன்’ என்றால் சிரிப்புதான் வரும்.

அதிகம் கைமாறிய சொல் தேயும். ‘கண்டிக்கிறோம்’ தனியாக நிற்க முடியாமல் ‘வன்மையாக’ வந்தது. அதுவும் தேய்ந்து ‘மிக வன்மையாக’ ஆனது. ஆர்ப்பாட்டம் எப்போதோ ‘மாபெரும்’ ஆகிவிட்டது. செயலாற்றும் ஒரே சொல்லுக்கு இங்கே சூடில்லை, சூடுள்ள சொற்களைச் சுவரில் ஒட்ட முடிவதில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது? இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்திருப்பவர்கள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தால், சாதாரண வார்த்தை சொல்பவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். 2020இல் அவரும் சக ஆய்வாளரும், ஓசையில் மட்டும் வசவு போலிருக்கும் புதுச் சொற்களை உருவாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை வலியைத் தாங்க உதவவில்லை. ஓசை போதாது, சொல்லுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை வேண்டும்.

அப்படி வாழ்ந்த ஒரு சொல்லுக்கு எண்ணூரில் சொந்தக் கதையே உண்டு. ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த் துறைக் கணக்கில் வரி விதிப்புக்கு வெளியே நிற்கும் நிலம். ஆறு, ஏரி, மேய்ச்சல் வெளி, கழிமுகம் என்று எல்லாருக்கும் பொதுவானது. வரி கட்டாத நிலம் வக்கில்லாத நிலமாகி, பிறகு வக்கில்லாத ஆளாகி, கடைசியில் வசவாகி நின்றது. 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்த வசவை அப்படியே எடுத்து எண்ணூர்க் கழிமுகத்தின் பெயராகத் திருப்பி வைத்தது. கபேர் வாசுகி எழுதியது சென்னைப் பேச்சுத் தமிழில். சபாவில் கேட்டுப் பழகாத சொற்கள் ராகமாலிகையில் வந்ததும் சிலர் நெளிந்தார்கள், பாட்டின் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. திட்டுபவருக்கு இத்தனை வினைகள் வைத்திருக்கும் தமிழ், திட்டப்படுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றைத்தான் நீட்டுகிறது: வாங்கு. திட்டு வாங்கினான், டோஸ் வாங்கினான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வாங்குவதற்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆலை வாங்காது, நிர்வாகம் வாங்காது, அவற்றுக்குக் கண்டனம் மட்டுமே போய்ச் சேரும். ஊர் திரண்டு ஆலை வாசலுக்கு வரும் நாளில் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்தான் பல நேரம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.