பெருந்தொற்றுக் காலத்தில் முதியோரின் சிறுநீரக மாற்று

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த ஒருவருக்குப் பிரதானமாக இரு வழிகளே உள்ளன. ஒன்று வாழ்நாள் முழுவதும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வது. மற்றையது மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்வது. இவ்விரண்டில் எதனைத் தெரிவு செய்வது என்ற வினா, நோயாளி முதியவராகவும் காலம் பெருந்தொற்றுக் காலமாகவும் இருக்கும்போது மிகவும் சிக்கலானதாகிவிடுகின்றது.

இலங்கையில் சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை 1985 இல் கொழும்பில் ஆரம்பமானது. இன்று கண்டி தேசிய வைத்தியசாலையும் இதற்கான முக்கிய நிலையமாகும். மலையக மக்கள் மட்டுமன்றி, நாட்பட்ட சிறுநீரக நோயினால் பாதிக்கப்பட்ட வடமத்திய மாகாண விவசாயிகளும் இதனை நாடி வருகின்றனர். 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்மாத இறுதியில் கண்டிக்கு அண்மையிலுள்ள அக்குறணையும் முடக்கப்பட்டது. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரையைப் பின்பற்ற முடியாதவர்களாக இருந்தோர் இரத்தச் சுத்திகரிப்பு நோயாளிகளே. வாரத்தில் பல தடவைகள் அவர்கள் வைத்தியசாலைக்குச் சென்றே ஆகவேண்டும்.

அவ்வாறாயின் உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்துகொள்வதுதான் பாதுகாப்பானதா? அதுவும் அவ்வளவு எளிதன்று. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருப்பதற்காக நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன. சத்திரசிகிச்சையை அடுத்த மாதங்களிலேயே இவற்றின் அளவு மிக அதிகமாகும். வயது செல்லச் செல்ல உடல் உறுப்பை நிராகரிக்கும் வாய்ப்பு குறைகின்ற அதேவேளை, தொற்றினால் மரணிக்கும் அபாயம் கூடுகின்றது. 2020 இன் முற்பகுதியில் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில், கொவிட் தொற்றுக்குள்ளான சிறுநீரக மாற்று நோயாளர் 36 பேரில் 10 பேர் உயிரிழந்தனர்.

எனினும் முதுமை என்ற ஒரே காரணத்திற்காக இச்சிகிச்சையை மறுப்பதும் தவறாகும். 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களில் மரண அபாயம் காத்திருப்போரைவிட 2.8 மடங்காக இருந்தது. ஆயினும் நீண்ட காலத்தில் அது காத்திருப்போரைவிடப் பெரிதும் குறைந்தது. 60 முதல் 74 வயதினரும் இந்த நன்மையைப் பெற்றனர். ஆகவே நோய் கடுமையாகப் பரவும் வேளையில் சில மாதங்கள் ஒத்திவைப்பது என்பது சிகிச்சையைக் கைவிடுவதாகாது. நோயாளியின் இருதய நிலை, நீரிழிவு, சுத்திகரிப்பைத் தாங்கும் வலிமை ஆகியவற்றைக் கொண்டே வைத்தியர்கள் இதனைத் தீர்மானிப்பர்.

உறுப்பை வழங்குபவரையும் மறந்துவிடலாகாது. தந்தைக்குச் சிறுநீரகம் வழங்கும் மகனோ மகளோ நோய் பரவும் காலத்தில் ஆரோக்கியமான உடலுடன் வைத்தியசாலைக்குள் நுழைகின்றார். 1985 இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹ் பேரவை, உறுப்பு மாற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. வழங்குபவரின் சாதாரண வாழ்வைக் குலைக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதும், சத்திரசிகிச்சை வெற்றியளிக்கும் வாய்ப்பு மேலோங்கியிருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். எம்மதத்தவரும் ஏற்கக்கூடிய அளவுகோல் இதுவாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் அவசரநிலையை 2023 மே மாதத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அக்காலம் கற்பித்த பாடங்கள் முடிந்துவிடவில்லை. தடுப்பூசிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பெற்றுக்கொள்வது நன்று. உறுப்பு மாற்றப்பெற்றோரிடம் 2021 இல் செய்யப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், இரு தடவைகள் கொவிட் தடுப்பூசி ஏற்றிய பின்னரும் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடமே பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்தன. ஆகையால் வீட்டிலுள்ள ஏனையோரும் தடுப்பூசி பெற வேண்டும். தொற்றுக்கு அஞ்சி மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவது பொருத்திய சிறுநீரகத்தையே இழக்கச் செய்யும்.

நோயாளியைச் சுகம் விசாரிக்கச் செல்வது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள சிறந்த பண்பாகும். ஆனால் புதிதாகச் சிறுநீரகம் பெற்ற முதியவரின் வீட்டில் உறவினர் திரள்வது அவருக்கு ஆபத்தாக முடியலாம். சில மாதங்கள் விலகியிருந்து தொலைபேசியில் நலம் விசாரிப்பதும் பிரார்த்திப்பதுமே அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.